108 கிலோ இருந்தால் ப்ராப் ஆகிவிடலாமா?

கேள்வி: ஏற்காடு நாகலூரில் எங்களுக்குச் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம். மகனுக்கு 19 வயது, 108 கிலோ. கோவையில் கல்லூரியில் படிக்கிறான், இரண்டு வருடமாக ரக்பி ஆடுகிறான். "ப்ராப், அதாவது முன்வரிசையில் நின்று எதிரணியைத் தள்ளும் ஆட்களுக்கு வெளிநாட்டில் எப்போதும் கிராக்கி. நாலு லட்சம் கொடுங்கள், இங்கிலாந்தில் படிப்பு விசாவும் கிளப் ஒப்பந்தமும் சேர்த்து முடித்துத் தருகிறேன்" என்கிறார் ஒரு ஏஜென்ட். நம்பலாமா? கழுத்து ஒடிந்துவிடுமோ என்று அவன் அம்மாவுக்குப் பயம் வேறு.

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள், ஐயா. மற்றதை நிதானமாகப் பேசலாம்.

பிரிட்டனில் மாணவர் விசாவில் இருப்பவர் தொழில்முறை விளையாட்டு வீரராக வேலை செய்யக் கூடாது என்பது விசா நிபந்தனையிலேயே இருக்கிறது. படித்துக்கொண்டே உள்ளூர் கிளப்பில் பொழுதுபோக்காக ஆடலாம். சம்பளம் வாங்கினால் விசாவே போய்விடும். உண்மையான ஒப்பந்தம் என்றால் வேறு விசா, அதற்கு அந்நாட்டு ரக்பி சங்கத்தின் ஒப்புதல். பையன் இதுவரை எந்தத் தரத்தில் ஆடியிருக்கிறான் என்று பார்த்துத்தான் அதைக் கொடுப்பார்கள். ஆக, ஏஜென்ட் சொல்லும் இரண்டும் ஒரே பையில் வராது. அதோடு, நல்ல ஏஜென்ட் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அதிலிருந்துதான் கமிஷன் எடுப்பார். முன்பணம் கேட்பவர் விற்பது டிக்கெட்டும் நம்பிக்கையும்தான்.

ஆனால் அவர் சொன்னதில் ஒன்று நிஜம். ப்ராப்புக்குக் கிராக்கி உண்டு. அது ஏன் என்று தெரிந்தால்தான் உங்கள் மகன் எந்த இடத்தில் நிற்கிறான் என்பது புரியும்.

ஸ்க்ரம் என்பது பந்துக்காக இரு அணியும் தலை குனிந்து, கோத்துக்கொண்டு ஒன்றையொன்று தள்ளுவது. அதில் பக்கத்துக்கு எட்டுப் பேர். முன்வரிசையில் மூவர்: நடுவில் ஹூக்கர், இரு புறமும் ப்ராப். இடது ப்ராப்பை லூஸ்ஹெட் என்பார்கள். அவர் தலையின் ஒரு பக்கம் வெளியே இருக்கும். வலது ப்ராப் டைட்ஹெட். அவர் தலை எதிரணி லூஸ்ஹெட்டுக்கும் ஹூக்கருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும், இருவரும் சேர்ந்து அவரை நெருக்குவார்கள். பின்னாலிருந்து சொந்த அணியின் எடை, முன்னாலிருந்து எதிரணியின் எடை, நடுவில் அவர் முதுகு. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் லாரியில் மூட்டை ஏற்றும் தொழிலாளிகளைப் பாருங்கள். இடுப்பைத் தாழ்த்தி, முதுகை வளைக்காமல், பாதத்தைச் சின்னச் சின்னதாக நகர்த்துவார்கள். ப்ராப்பின் வேலையும் அதேதான். ஒரே வித்தியாசம், இங்கே மூட்டை திருப்பித் தள்ளும், ஏமாற்றவும் செய்யும்.

அந்த ஏமாற்றுக்கு ஈடு கொடுக்கும் வித்தை நூற்றுக்கணக்கான ஸ்க்ரம் போட்ட பிறகே உடம்பில் ஏறும். அதனால்தான் பல ப்ராப்கள் இருபத்தைந்துக்கு மேல்தான் கனிகிறார்கள், முப்பது தாண்டியும் ஆடுகிறார்கள். பயிற்சி பெற்ற முன்வரிசை ஆள் தீர்ந்துபோனால் ஸ்க்ரம்மில் தள்ளவே கூடாது என்பது விதி. அதற்காகவே மாற்று வீரர்களில் முன்வரிசைக்கு என்று மூவரை உட்கார வைத்திருப்பார்கள். ஒரு நல்ல டைட்ஹெட் காயப்பட்டால் கிளப் அலறுவது இதனால்தான்.

சரி, உங்கள் மகன் எத்தனை ஸ்க்ரம் போட்டிருப்பான்? நம் ஊரில் பெரும்பாலும் ஆடுவது செவன்ஸ், அதாவது எழுவர் ஆட்டம். 2025-இல் சென்னை புல்ஸ் ஜெயித்த ரக்பி பிரீமியர் லீக்கும் அதுதான். செவன்ஸ் ஸ்க்ரம்மில் பக்கத்துக்கு மூன்றே பேர். அந்த ப்ராப் வேகமாக ஓடவும் வேண்டும். பதினைந்து பேர் ஆட்டத்திலும் பத்தொன்பது வயதுக்குக் கீழ் என்றால் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது. ஆக, முழு எடை இறங்கும் ஸ்க்ரம்மை உங்கள் பையன் இன்னும் பார்த்தே இருக்க மாட்டான். எடை இருக்கிறது, தொழில் இன்னும் வரவில்லை. இதில் அவன் குற்றம் ஒன்றுமில்லை.

வெளியே போய் ஜெயித்தவர்களில் எனக்குப் பிடித்தவர் டெண்டாய் முட்டவாரிரா. செல்லப் பெயர் 'பீஸ்ட்'. ஜிம்பாப்வேயில் பிறந்தவர். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குப் போனபோது அவர் ப்ராப்பே இல்லை, ஸ்க்ரம்மின் பின்வரிசை ஆட்டக்காரர். அங்கே பயிற்சியாளர் முன்வரிசைக்கு மாற்றினார். 2008-இல் தேசிய அணிக்கு வந்தார். 2010-இல் அவர் குடியுரிமை பற்றியே அரசு கேள்வி எழுப்பியது, அதற்குப் பிறகுதான் குடியுரிமை கிடைத்தது. 2019-இல் உலகக் கோப்பையை வென்று ஓய்வு பெற்றபோது 34 வயது, நாட்டுக்காக 117 டெஸ்ட், அதாவது சர்வதேச ஆட்டம். பெயரும் புகழும் எத்தனை வருடக் கணக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாடுகளைப் பற்றிச் சுருக்கமாக. பிரான்ஸில் பணம் அதிகம். ஆனால் அங்கேயே பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவர்களுக்குத்தான் அணியில் பெரும்பங்கு. மிச்சமிருக்கும் இடத்துக்குத் தென்னாப்பிரிக்கர், சமோவாக்காரர், ஜார்ஜியர் எல்லாம் வரிசையில் நிற்கிறார்கள். ஜப்பானில் பெரிய நிறுவனங்கள் அணி நடத்துகின்றன, அங்கேயும் வெளிநாட்டவருக்கு இடம் அளந்துதான். இங்கிலாந்தில் சம்பளமே உறுதியில்லை: 2022-இல் வூஸ்டர், வாஸ்ப்ஸ், 2023-இல் லண்டன் ஐரிஷ் என்று உயர்நிலைக் கிளப்புகளே பணமின்றி வெளியேறின.

நான் முதலில் பார்க்கச் சொல்வது பக்கத்தில் இருக்கும் இலங்கை. கண்டி மலைப் பக்கம் பள்ளிப் பையன்களே பதினைந்து பேர் ஆட்டம் ஆடுவார்கள். கண்டி டிரினிட்டிக்கும் கொழும்பு ராயலுக்கும் நடக்கும் பிராட்பி கேடயப் போட்டி 1945-இலிருந்து இருக்கிறது. குளிரும் மேடு பள்ளமும் ஏற்காட்டுப் பையனுக்குப் புதிதில்லை, தமிழ் பேச ஆளும் கிடைக்கும். படிப்பை முடிக்கட்டும். விடுமுறையில் அங்கே போய், ஸ்க்ரம் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர் ஒருவரிடம் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும். இங்கே மாநில அணி, தேசியப் போட்டி என்று பெயர் பதியட்டும். அப்புறம் நியூசிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ மேல்படிப்பு என்றால், அங்குள்ள உள்ளூர் கிளப்பில் சம்பளமில்லாமல் சேரலாம். முன்வரிசை ஆள் என்றால் இரண்டாம் அணியிலாவது கூப்பிட்டுச் சேர்ப்பார்கள். இருபத்து நாலு, ஐந்து வயதில் அவன் உண்மையில் ப்ராப்பா என்று தெரிந்துவிடும்.

இப்போது அம்மாவின் பயம். அது வீண் பயமில்லை. 2005-இல் இங்கிலாந்து இளையோர் அணிப் பயிற்சியில் ஸ்க்ரம் சரிந்து மேட் ஹாம்ப்சன் என்ற ப்ராப்புக்குக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தது. அதன்பின் இரு பக்கமும் மோதிக்கொள்ளும் தூரத்தைக் குறைத்து, முதலில் பிடித்துக்கொண்டு பிறகே சேரும்படி விதியை மாற்றினார்கள். ஆபத்து குறைந்தது, போய்விடவில்லை. தலையில் அடி வேறு; ஒரு அடி பட்ட பையன் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று அன்றே திரும்ப இறங்கக் கூடாது. காது மடல் தடித்துப்போவது இதற்கெல்லாம் முன்னால் ஒன்றுமே இல்லை, பயில்வான்கள் போல் அதைப் பெருமையாக வைத்துக்கொள்வார்கள்.

சேலத்து ஜிம்களில் மார்பும் கையும் பெருக்கத்தான் ஆசை. கழுத்துப் பயிற்சி தெரிந்த ஆள் குறைவு. ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் கழுத்து, தோள், இடுப்பு மூன்றையும் சோதித்துவிட்டு ஆரம்பியுங்கள். விபத்துக் காப்பீடு எடுக்கும்போது உடல்மோதல் விளையாட்டுக் காயத்துக்கும் பணம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல பாலிசிகளில் அது கிடையாது.