சமுதாயக் கல்லூரி ஹானர்ஸ் திட்டம்: பெற்றோர், மாணவர் கேள்விகளுக்குப் பதில்கள்

கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேர விரும்புவோர் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். ஹானர்ஸ் திட்டம் என்பது வழக்கமான பாடங்களையே கூடுதல் ஆழத்துடன், சிறிய வகுப்புகளில் கற்பிக்கும் திட்டம். யூசி என்பது கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்; அதன் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமே யூசிஎல்ஏ.

கேள்வி: ஹானர்ஸ் திட்டத்தில் சேர்ந்தால் யூசிஎல்ஏவில் இடம் உறுதியா?

உறுதி இல்லை, ஆனால் முன்னுரிமை உண்டு. யூசிஎல்ஏ சமுதாயக் கல்லூரிகளுடன் வைத்திருக்கும் ‘டாப்’ (Transfer Alliance Program) கூட்டமைப்பில் உள்ள கல்லூரியில் ஹானர்ஸ் திட்டத்தை முடித்து, அக்கல்லூரியின் சான்றையும் பெற்ற மாணவரின் விண்ணப்பம், யூசிஎல்ஏவின் கலை அறிவியல் கல்லூரியில் முன்னுரிமையுடன் பரிசீலிக்கப்படுகிறது. முதலில் கேட்ட துறையில் இடம் கிடைக்காவிட்டால், மாற்றுத் துறை ஒன்றுக்கும் பரிசீலிக்கப்படும் வாய்ப்பு உண்டு. பொறியியல் படிப்புக்கு இந்த முன்னுரிமை செல்லாது என்பதைப் பல பெற்றோர் கவனிப்பதில்லை.

கேள்வி: ‘டாக்’ என்பதும் இதுவும் ஒன்றுதானா?

இரண்டும் வேறு. ‘டாக்’ (Transfer Admission Guarantee) என்பது சேர்க்கை உத்தரவாதம். யூசியின் டேவிஸ், இர்வைன், மெர்சிட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய 6 வளாகங்களில் ஏதேனும் ஒன்றுக்கு மட்டும், செப்டம்பர் மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ ஆகியவை இதில் இல்லை. ஒரு வளாகத்தில் ‘டாக்’ உத்தரவாதத்தைப் பெற்றுக்கொண்டு, ‘டாப்’ சான்றுடன் யூசிஎல்ஏவுக்கும் விண்ணப்பிக்கலாம். தகுதியுள்ள மாணவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான்.

கேள்வி: ஹானர்ஸ் பாடங்கள் கடினம் என்கிறார்கள். மகளின் ஜிபிஏ (சராசரி மதிப்பெண் புள்ளி) குறைந்துவிடாதா?

நியாயமான அச்சம். ஹானர்ஸ் பாடத்தில் பெற்ற ‘ஏ’ என்பதற்காக யூசி கூடுதல் புள்ளி எதையும் சேர்ப்பதில்லை; சமுதாயக் கல்லூரியிலிருந்து மாறிச் செல்லும் மாணவருக்கு எந்த ‘ஏ’ என்றாலும் 4 புள்ளிகள்தான். ஆகவே பயன் வேறிடத்தில் இருக்கிறது. வழக்கமான வரலாற்று வகுப்பில் பாடநூலைப் படித்துத் தேர்வு எழுதினால் போதும் என்றிருக்கும்போது, ஹானர்ஸ் பிரிவில் அக்காலத்துக் கடிதங்களையும் நீதிமன்றப் பதிவுகளையும் படித்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். முதல் வரைவைப் பேராசிரியர் வரிக்கு வரி திருத்தித் தருவார். மாணவர் அதை மீண்டும் எழுதித் தர வேண்டும். இப்படி இரண்டு மூன்று கட்டுரைகள் எழுதியவர், பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டு வகுப்பில் முதல் கட்டுரைக்கே திணறி நிற்பதில்லை. மாறிச் சென்றபின் மதிப்பெண் சரியும் மாணவர்கள் பெரும்பாலும் இந்தப் பயிற்சி கிடைக்காதவர்களே என்பது என் உறுதியான கருத்து. வகுப்பு சிறியதாக இருப்பதால் பேராசிரியருக்கு மாணவரை நன்கு தெரிந்திருக்கும். யூசி பொதுவாகப் பரிந்துரைக் கடிதம் கேட்பதில்லை என்றாலும், தனியார் பல்கலைக்கழகங்களும் உதவித்தொகைக் குழுக்களும் கேட்கும்போது இந்த அறிமுகம் பெரிதும் உதவும். மகள் முதல் பருவத்தில் தனக்கு வலுவான ஒரு பாடத்தை மட்டும் ஹானர்ஸ் பிரிவில் எடுக்கட்டும். கால்குலஸையும் வேதியியலையும் சேர்த்துச் சுமத்த வேண்டாம்.

கேள்வி: ஹானர்ஸ் திட்டத்தில் இரண்டாம் ஆண்டில் சேரலாமா?

சேரலாம், ஆனால் நெருக்கடியாகிவிடும். சான்றுக்கு எத்தனை ஹானர்ஸ் பாடங்கள் வேண்டும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஐந்தாறு பாடங்கள் கேட்கும் கல்லூரிகள் உண்டு. சில பாடங்களின் ஹானர்ஸ் பிரிவு ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். யூசி விண்ணப்பமோ, மாறிச் செல்வதற்கு முந்தைய இலையுதிர் பருவத்திலேயே போய்விட வேண்டும். ஆகவே முதல் பருவத்திலேயே ஹானர்ஸ் கவுன்சிலரைச் சந்தித்து, மாறிச் செல்லத் தேவையான 60 செமஸ்டர் யூனிட்டுகளுக்கும் (யூனிட் என்பது பாடத்தின் அளவைக் குறிக்கும்) ஒரு திட்டத்தாள் எழுதி வாங்கிவிடுங்கள்.

கேள்வி: நான் எஃப்-1 மாணவர் விசாவில் வரவிருக்கிறேன். எனக்கும் வாய்ப்பு உண்டா?

உண்டு. சமுதாயக் கல்லூரியில் யூனிட்டுக்கு 46 டாலர் என்ற கட்டணம் மாநிலவாசிகளுக்கு மட்டுமே. நீங்கள் அதைவிடப் பல மடங்கு செலுத்த வேண்டும். விசா விதிப்படி பருவத்துக்குக் குறைந்தது 12 யூனிட்டுகள் படிக்க வேண்டும் என்பதால், கடினமான ஹானர்ஸ் பாடம் ஒன்றைப் பாதியில் கைவிடுவதற்கு முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் ஒப்புதலைப் பெற்றுக்கொள்ளுங்கள்.