‘ஒளித்து வைத்திருக்கிறார்கள்’ என்பவருக்கு

கேள்வி: மலேசியாவின் எம்.எச்.370 பயணிகள் விமானம் 239 பேருடன் மறைந்து இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டன. தொலைந்த செல்போனையே போலீஸார் கண்டுபிடித்துத் தரும் காலத்தில் அவ்வளவு பெரிய விமானம் எங்கே போகும்? அது இந்தியப் பெருங்கடலில் அமெரிக்க ராணுவத் தளம் உள்ள டீகோ கார்சியா தீவில் இறக்கப்பட்டது, வல்லரசுகள் ஒளித்து வைத்திருக்கின்றன, விமானியும் அதற்கு உடந்தை என்று எட்டுப் பக்கக் கட்டுரை எழுதி இணைத்திருக்கிறேன். வெளியிடுவீர்களா?
— வாசகர், காங்கேயம்

பதில்: வெளியிட மாட்டேன். இதே தொனியில் கோபியிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் கடிதங்கள் வந்திருப்பதால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் செல்போன். அது இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பது கோபுரம். காங்கேயத்திலிருந்து தாராபுரம் போவதற்குள் உங்கள் போன் எத்தனையோ கோபுரங்களைத் தொட்டுவிடும். நடுக்கடலில் கோபுரம் ஏது? அன்றிரவு 1.52க்கு பினாங்கு அருகே துணை விமானியின் செல்போனை ஒரு கோபுரம் கணநேரம் அறிந்தது. அதோடு சரி. உறவினர்கள் அழைத்தபோது மணி அடித்ததே என்று மூன்றாம் பக்கத்தில் கேட்கிறீர்கள். அழைப்பவர் காதில் விழும் அந்த ஓசையை, இணைப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி நிறுவனத்தின் கருவி தந்துவிடும். மறுமுனையில் போன் ஒலிக்கிறது என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது.

2014 மார்ச் 8, நள்ளிரவு 12.42க்கு கோலாலம்பூரில் கிளம்பிய விமானம் பெய்ஜிங் போக வேண்டியது. 1.19க்கு விமானி அறையிலிருந்து ‘குட் நைட்’ என்று கடைசிக் குரல் வந்தது. இரண்டு நிமிடத்தில், ரேடார் திரையில் விமானத்தை அடையாளம் காட்டும் கருவி மௌனமாகிவிட்டது. விமானம் மேற்கே திரும்பி மலாய்த் தீபகற்பத்தைக் கடந்து போனதை ராணுவ ரேடார் 2.22 வரை பார்த்திருக்கிறது. அதற்குப் பிறகு மிஞ்சிய ஒரே சாட்சி வானத்தில் இருந்த ஒரு செயற்கைக்கோள்தான். ஏறக்குறைய மணிக்கு ஒருமுறை ‘இருக்கிறாயா’ என்று அதன் வழியாகத் தரைநிலையம் கேட்க, ‘இருக்கிறேன்’ என்று விமானத்தின் கருவி பதில் சொல்லியிருக்கிறது. கடைசித் தொடர்பு காலை 8.19க்கு.

அந்தச் சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தை வைத்து, செயற்கைக்கோளிலிருந்து விமானம் இருந்த தொலைவைக் கணக்கிட்டார்கள். மாடு வளர்க்கும் ஊர்க்காரரான உங்களுக்கு இது எளிதில் புரியும். முளைக்குச்சியில் கட்டிய மாடு கயிறு இழுபட நிற்கிறது. நல்ல இருட்டு. கயிற்றின் நீளம் மட்டும் தெரிகிறது. மாடு அந்த வட்டத்தின் விளிம்பில் எங்கோ நிற்கிறது, எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை. அலைவரிசையில் ஏற்பட்ட சிறு மாற்றங்களைப் பார்த்து, வடக்கே இல்லை, தெற்கே இந்தியப் பெருங்கடல் பக்கம் என்று தேர்ந்தார்கள். உங்கள் டீகோ கார்சியா அந்த வட்டத்துக்கு வெகு உள்ளே, முளைக்குச்சிக்குக் கிட்டத்தில் கிடக்கிறது. கயிறு இழுபட நிற்கும் மாடு முளையடியில் எப்படிப் படுத்திருக்கும்?

சரி, தெற்கே என்று தெரிந்தும் ஏன் கிடைக்கவில்லை? நம் பக்கம் ஆயிரம் அடி போர்வெல்லில் மோட்டார் அறுந்து விழுந்தால் என்ன பாடு படுகிறோம்? குழியின் அகலம் ஆறரை அங்குலம். விழுந்த இடம் அங்குலம் பிசகாமல் தெரியும். அப்படியும் எத்தனை பேர் கைவிட்டுவிட்டு வேறு இடத்தில் போர் போட்டிருக்கிறோம்! அங்கே 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியைத் தேடிவிட்டு 2017 ஜனவரியில் நிறுத்தினார்கள். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1,30,058 சதுர கிலோமீட்டர்தான். 2018இல் கடலடியை ஆராயும் ஓஷன் இன்ஃபினிட்டி நிறுவனம் இன்னும் 1,12,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் தேடியது. பல இடங்களில் ஆழம் நான்கு கிலோமீட்டர். தொட்டபெட்டாவைப் பெயர்த்து அங்கே நிறுத்தினால் உச்சிக்கு மேல் இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு அதிகமாகத் தண்ணீர் நிற்கும். அவ்வளவு ஆழத்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூழ்கிய கப்பலின் நங்கூரத்தையும் சிதறிக் கிடந்த நிலக்கரியையும் கருவிகள் கண்டுபிடித்தன. சிரத்தையோடு தேடியவர்களை ‘நாடகம்’ என்று ஒரே சொல்லில் தள்ளியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

ஒன்றுமே கிடைக்கவில்லை என்பதும் தவறு. 2015 ஜூலை 29 அன்று மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் கரையில் இறக்கையின் ஒரு பாகம் ஒதுங்கியது. விளிம்பெல்லாம் ஓடுள்ள சிறு கடலுயிர்கள் ஒட்டி வளர்ந்திருந்தன. உள்ளே பொறித்திருந்த எண்களைத் தயாரிப்பாளரின் பதிவேட்டோடு ஒப்பிட்டு, அதே விமானத்தின் பாகம்தான் என்று பிரெஞ்சு அதிகாரிகள் உறுதி செய்தார்கள். பிறகு தான்சானியாவிலும் மொரீஷியஸிலும் கிடைத்த இரண்டு பாகங்களும் உறுதியாயின. ஆஸ்திரேலியப் பக்கத்துக் கடலில் விழுந்த பொருளை நீரோட்டம் மேற்கே ஆப்பிரிக்கக் கரைப் பக்கம் தள்ளக் கூடியதுதான். ஒளித்து வைத்த விமானத்தின் இறக்கையில் கடலுயிர் எப்படி வளர்ந்தது என்பதற்கு உங்கள் எட்டுப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

நமக்குப் பக்கத்திலேயே நடந்ததையும் மறந்துவிட்டோம். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய நம் விமானப்படையின் ஏ.என்.32 விமானம் 29 பேரோடு வங்கக் கடலில் மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் சலித்துத் தேடின. சென்னைக் கரையிலிருந்து ஏறத்தாழ 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் தெரிந்ததாக 2024 ஜனவரியில்தான் அறிவித்தார்கள். ஏழரை ஆண்டு. நம் கடல், நம் கப்பல், நம் ஆட்கள். அங்கே எந்த வல்லரசு ஒளித்து வைத்தது?

உங்கள் சந்தேகம் ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். ராணுவ ரேடார் மேற்கே பார்த்திருந்தும், தென்சீனக் கடலில் தேடுவதை நிறுத்த ஒரு வாரம் ஆனது. அன்றைக்குச் சொன்னதை மறுநாள் மாற்றிச் சொன்னார்கள். மலேசிய அதிகாரிகளின் அந்தத் தடுமாற்றம்தான் வதந்திக்குப் பாத்தி கட்டிக் கொடுத்தது. ஆனால் தடுமாறியவனும் ஒளித்தவனும் ஒருவனே ஆகிவிட மாட்டார்கள். 2025 மார்ச்சில் மலேசிய அரசு ஓஷன் இன்ஃபினிட்டியோடு மறுபடி ஒப்பந்தம் போட்டது. 15,000 சதுர கிலோமீட்டர் தேட வேண்டும், கண்டுபிடித்தால் 7 கோடி டாலர், இல்லையென்றால் காசு கிடையாது. ஒளித்து வைத்தவன் தேடுகிறவனுக்குப் பரிசு அறிவிப்பானா?

இனி, நான் மறுப்பதற்கான உண்மையான காரணம். சென்னிமலைப் பக்கம் எங்கள் தெருவில் ஓர் அமுச்சி (பாட்டி) இருந்தார். தறி ஓட்டப் போகிறேன் என்று பதினேழு வயதில் கிளம்பிய அவர் மகன் திரும்பவே இல்லை. பழநி அடிவாரத்தில் பார்த்தோம் என்பார் ஒருவர், பவானி கூடுதுறையில் என்பார் இன்னொருவர். ஒவ்வொரு முறையும் விடியற்காலையில் போசியில் தயிர்சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். பத்து வயதில் நானும் ஒருநாள், பெருந்துறைச் சந்தையில் அண்ணனைப் பார்த்த மாதிரி இருந்தது என்று சொல்லிவிட்டேன். பெரியவர்கள் பேச்சில் நானும் கலந்துகொள்ளும் ஆசைதான், வேறொன்றும் இல்லை. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “சட்டை என்ன நிறம், கண்ணு?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இருந்தும் போனார். இருட்டிய பிறகு வந்து, புளித்துப்போன சோற்றைக் கொட்டிவிட்டு, போசியைக் கழுவித் திண்ணையில் கவிழ்த்து வைத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

அந்த 239 பேரில் ஐந்து பேர் இந்தியர்கள். எல்லோர் வீட்டிலும் யாரோ ஒருவர் போசியைக் கட்டிக்கொண்டு கிளம்பிப் போயிருக்கிறார்கள். உயிரோடு தீவில் இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதும் வரி அவர்களை இன்னொரு முறை பஸ் ஏற்றும்.

விமானிக்கும் குடும்பம் உண்டு. 2018 ஜூலையில் வந்த மலேசிய விசாரணை அறிக்கை, விமானம் தானியங்கியால் திரும்பவில்லை, கையால்தான் திருப்பப்பட்டிருக்க வேண்டும் என்றது. யார் கை என்று சொல்லவில்லை. வேறொருவர் குறுக்கிட்டிருக்கும் வாய்ப்பையும் ஒதுக்கிவிட முடியாது என்றது. காரணத்தை உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். விமானத்தின் கடைசி வழியை வருடக்கணக்கில் அலசியவர்கள் நின்ற இடத்தைத் தாண்டி, பதில் சொல்ல முடியாத ஒரு மனிதரைப் பெயர் சொல்லிக் குற்றவாளி என்று இந்தப் பத்திரிகையில் அச்சிட நான் சம்மதிக்க மாட்டேன்.

கட்டுரையைத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீங்கள் உறுதியாகச் சொல்லும் இடங்களில் எல்லாம் ஓரத்தில் ‘எப்படித் தெரியும்?’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். மொத்தம் 31 இடங்கள். அவற்றில் எதற்கேனும் பதில் இருந்தால் எழுதுங்கள், அந்த இடங்களை மட்டும் மறுபடி படிக்கிறேன்.