சீன வாள்சண்டைப் படங்களில் ஆட்கள் ஏன் பறக்கிறார்கள்?

பழைய சீனாவில் வாளேந்தி அலையும் வீரர்களின் கதைகளுக்கு வூஷியா என்று பெயர். மூச்சையும் உடலையும் பல வருடம் பழக்கினால் உடம்பு லேசாகிவிடும் என்பது இந்தக் கதையுலகின் விதி. அதனால்தான் கூரைமேல் ஓடுகிறார்கள். சண்டையின் தாளத்தில் பீகிங் ஓபரா என்ற சீன இசைநாடக மேடையின் சாயல் நிறைய உண்டு. தெருக்கூத்தில் நடிகர் மேடையை ஒரு சுற்றுச் சுற்றினால் போர்க்களம் வந்துவிட்டது என்று ஏற்றுக்கொள்கிறோம் இல்லையா, அது மாதிரிதான்.

ஆங் லீ 2000-இல் எடுத்த ‘கிரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்’ படத்தின் மூங்கில் காட்டுச் சண்டையைப் பாருங்கள். மூங்கில் வளைந்து நிமிர, இருவரும் கூடவே அசைகிறார்கள். வாள் மோதுவதைவிட, யார் நிதானம் இழக்கிறார் என்பதுதான் அங்கே சண்டை. இவ்வளவு அழகான சண்டைக்காட்சி அபூர்வம்.

அப்புறம், இதெல்லாம் கம்ப்யூட்டர் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, நடிகர்களைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டே எடுத்தார்கள். கம்ப்யூட்டர் அழித்தது அந்தக் கம்பிகளைத்தான்.