எதிர்வீட்டு அக்காவை எங்கே கொண்டுபோனார்கள்?

ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு 71 வயது. அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சில வருஷத்துக்கு முன்னால் நானும் என் வீட்டுக்காரரும் சென்னை வீட்டை விற்றுவிட்டு, கோயம்புத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு பெரிய முதியோர் குடியிருப்பில் வில்லா வாங்கிக் குடிவந்தோம். ஒரே மகன் டெக்சாஸில் இருக்கிறான். நாங்கள் இங்கே வந்ததே அவன் அங்கே நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான். வசதிக்குக் குறைவில்லை. மூன்று வேளையும் டைனிங் ஹாலில் சாப்பாடு, உள்ளேயே கோயில், நடைபாதை நெடுகக் கைப்பிடிக் கம்பி, பாத்ரூமில் அவசர மணி, எந்நேரமும் நர்ஸ்.

போன பொங்கலுக்கு முந்தின இரவு அவர் தவறிவிட்டார். ஹார்ட் அட்டாக். மகன் வரும்வரை வீட்டில் ஃப்ரீசர் பெட்டி வைக்கலாம் என்றேன். மற்ற பெரியவர்கள் பார்த்தால் பதற்றப்படுவார்கள், ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும் என்று நிர்வாகத்தில் சொன்னார்கள். அங்கிருந்தே மின்மயானம். சரி, அது முடிந்த கதை. நான் எழுத வந்தது வேறு விஷயம்.

இங்கே லைப்ரரியில் ஒரு ஆங்கில த்ரில்லர் நாவல் எடுத்தேன். பணக்கார முதியவர்கள் வாழும் ஒரு சொகுசுக் குடியிருப்பு. தேடி வர ஆளில்லாதவர்களாகப் பார்த்து 'ஸ்பெஷல் கேர்' கட்டடத்துக்கு மாற்றுவார்கள். போனவர்கள் திரும்ப மாட்டார்கள். அவர்கள் வீடு இன்னொருவருக்கு விற்கப்படும். இதுதான் கதை. கதை என்று தெரிந்துதான் படித்தேன்.

நான் அதை முடித்த அதே வாரம் எதிர்வீட்டு அக்காவை ராத்திரியில் ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். 78 வயது, கணவர் இல்லை, பிள்ளையும் இல்லை. என்னோடு ஒரே மேஜையில் சாப்பிடுபவர். விசாரித்தால் “கேர் பிளாக்கில் ரெஸ்ட் எடுக்கிறார்கள், விசிட்டர்ஸ் வேண்டாம்” என்கிறார்கள். வாரக்கணக்கில் இதே பதில்தான். வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள். அவருடைய நீலப் பட்டை போட்ட செருப்பு மட்டும் படியிலேயே கிடந்தது. அதையும் ஒருநாள் பெயின்ட் அடிக்க வந்த பையன் ஓரமாகத் தள்ளிவிட்டான்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. என் வீட்டுக்காரர் போனதிலிருந்து இங்குள்ள நர்ஸ் தந்துவந்த தூக்க மாத்திரையை இப்போது நிறுத்திவிட்டேன். இரவு வரும் பாலையும் கொட்டிவிடுகிறேன். ஒன்பதரை மணிக்குக் கதவில் நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த நேரம் பார்த்து மேனேஜர் ஒரு கட்டுப் பேப்பர் கொண்டுவந்து, “இப்போது தனியாக இருக்கிறீர்கள், சிகிச்சை சம்மதம், பவர், நாமினேஷன் எல்லாம் இதிலேயே இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள்” என்கிறார்.

இதெல்லாம் நிஜத்தில் நடக்குமா என்று போனில் தேடினேன். என் மகன் இருக்கும் டெக்சாஸிலேயே முதியோர் குடியிருப்புகளில் வரிசையாகக் கொலை நடந்திருக்கிறதாமே? மகனிடம் சொன்னால், “அம்மா, அந்த மாதிரி புக்கெல்லாம் படிக்காதீங்க” என்கிறான். என் அம்மாவுக்குக் கடைசி காலத்தில் நினைவு தப்பியது. எனக்கும் புத்தி பிசகுகிறதா? இல்லை, இங்கே உண்மையாகவே ஏதோ நடக்கிறதா?

வாசகி, கோவை மாவட்டம்

*

அன்புள்ள அம்மா,

முதலில் அந்த அக்காவைப் போய்ப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம். அவர் எப்படி இருக்கிறார் என்று தெரியாமல் உங்கள் மனதைப் பற்றி நான் என்ன சொன்னாலும் அது ஊகம்தான். பகலில், உங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்காரும் இன்னும் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போங்கள். அவருக்கு என்ன நோய், என்ன மருந்து என்று கேட்காதீர்கள். அதைச் சொல்ல மறுக்க அவர்களுக்கு நியாயம் உண்டு. “ஐந்து நிமிஷம் முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறோம்” என்று மட்டும் கேளுங்கள். தொற்று இருக்கலாம், இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆகியிருக்கலாம், அதற்குப் பிறகு சில நாள் ஆளே அடையாளம் தெரியாமல் பிதற்றுகிற நிலை வருவதும் உண்டு. யாரும் தன்னை அப்படிப் பார்க்க வேண்டாம் என்று அவரே சொல்லியிருக்கவும் கூடும். அப்படியென்றால் அதை அவர் வாயாலோ, அவருடைய உறவினர் ஒருவர் வாயாலோ போனில் நீங்கள் கேட்க வேண்டும். பெயர்ப்பலகைக்கும் சாதாரணக் காரணம் இருக்கலாம். டெபாசிட் கட்டிக் குத்தகைக்கு இருப்பவர்கள் கேர் பிளாக்குக்கு நிரந்தரமாக மாறும்போது வில்லாவை ஒப்படைத்துவிடுகிற ஏற்பாடு பல இடங்களில் இருக்கிறது.

பார்க்கவும் விடவில்லை, பேசவும் விடவில்லை என்றால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அப்புறம் 14567-க்குப் பேசுங்கள். முதியோருக்கான அரசு உதவி எண் அது, கட்டணம் கிடையாது, காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை எடுப்பார்கள். உங்களுக்கே ஆபத்து என்று தோன்றும் இரவில் 112. இதற்கெல்லாம் கூச்சப்பட வேண்டாம்.

டெக்சாஸ் விஷயம் உண்மைதான். டல்லாஸ், பிளேனோ பகுதியில், உங்கள் இடத்தைப் போலவே காவலும் வரவேற்பறையும் உள்ள முதியோர் குடியிருப்புகளில் 2016-க்கும் 2018-க்கும் இடையில் நடந்தது. பில்லி செமிர்மிர் என்பவன் பராமரிப்பு வேலைக்கு வந்தவன்போல் நுழைந்து, தனியாக இருந்த மூதாட்டிகளைத் தலையணையால் மூச்சடைத்துக் கொன்று நகைகளை எடுத்துப் போனான். நிர்வாகம் சேர்ந்து செய்த சதி அல்ல அது, வெளியாள் ஒருவன் செய்தது. ஆனால் பல மரணங்கள் வயதால் வந்த இயற்கை மரணம் என்றே பதிவாகிப் போயின. நகை காணவில்லை என்று பிள்ளைகள் சொன்ன வீடுகளும் அதில் உண்டு. 2018 மார்ச்சில் 91 வயதுப் பெண் ஒருவர் பிழைத்துக்கொண்டார். நடந்ததைச் சொன்னார். போலீஸ் நம்பியது. மறுநாளே அவன் பிடிபட்டான். 22 கொலைகளில் குற்றம் சாட்டப்பட்டு, 2022-இல் இரண்டு வழக்குகளில் ஆயுள் தண்டனை பெற்றான். அடுத்த வருஷம் சிறைக்குள்ளேயே கொல்லப்பட்டான். இறந்தவர்களின் பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து போராடியதால், இறப்புச் சான்றிதழில் காரணம் திருத்தப்பட்டால் குடும்பத்துக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 2021-இல் டெக்சாஸில் சட்டமே வந்தது.

இரவில் பயந்து கிடக்கும் உங்களிடம் இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்? ‘வயசானவங்கதானே’ என்று எல்லோரும் விட்டுவிட்டதுதான் அவனுக்கு இரண்டு வருஷம் கைகொடுத்தது. வயதான ஒரு பெண் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்ட பிறகுதான் அது முடிந்தது. அதனால் “எல்லாம் கற்பனை, பேசாமல் தூங்குங்கள்” என்று நான் உங்களிடம் சொல்ல மாட்டேன். மூன்று கேள்விகள் உங்களிடம் இருக்கின்றன: அக்கா எங்கே, மாத்திரை என்ன, பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது. மூன்றுமே சரியான கேள்விகள். மூன்றுக்கும் பகல் வெளிச்சத்தில் பதில் வாங்க முடியும். பாலில் விஷம், கதவுக்கு வெளியே ஆள் என்பதற்கு மட்டும் உங்கள் கடிதத்தில் நீங்கள் கண்ணால் பார்த்த ஆதாரம் எதுவும் இல்லை. அந்தப் பகுதி நாவலிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

அது ஏன் இத்தனை இறுக்கமாக ஒட்டிக்கொண்டது என்பதைத்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். கணவர் இறந்ததைச் சில வரிகளில் முடித்து, ‘முடிந்த கதை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அக்காவின் செருப்புப் பட்டையின் நிறம்வரை எழுதிய நீங்கள், கணவரைப் பற்றி ஒரு விவரமும் எழுதவில்லை. நம் ஊரில் ஒரு சாவு விழுந்தால் தெருவுக்கே தெரியும். வாசலில் பந்தல் போடுவார்கள், பெஞ்சு வந்து இறங்கும், சங்கு ஊதுவார்கள். எடுக்கும்வரை பக்கத்து வீடுகளில் அடுப்புப் பற்ற வைக்க மாட்டார்கள். வருகிற ஒவ்வொருவரும் “எப்படிம்மா ஆச்சு?” என்று கேட்பார்கள், நாம் முதலிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லி அழுவோம். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நடந்தது நடந்ததுதான் என்று மனம் ஏற்கும். உங்களுக்கு அதில் எதுவுமே கிடைக்கவில்லை. ராத்திரியில் ஓர் ஆள் வீட்டைவிட்டுப் போனார், திரும்பி வீட்டுக்கு வரவே இல்லை. மறுநாள் அந்த வளாகத்தில் பொங்கலும் பொங்கியிருக்கும். அதற்கப்புறம் சில மாதத்தில் எதிர்வீட்டிலிருந்தும் ராத்திரியில் ஒரு ஆளைக் கொண்டுபோகிறார்கள், அவரும் திரும்பவில்லை, பெயர்ப்பலகையும் போய்விட்டது. அம்மா, நீங்கள் படித்த நாவலின் கதை ஏற்கெனவே உங்கள் வீட்டில் ஒருமுறை நடந்துவிட்டது. கொலைகாரன் மட்டும்தான் அதில் இல்லை.

பெரியவர்கள் மனம் நோகக்கூடாது என்று நல்லெண்ணத்தில்தான் இப்படிப்பட்ட இடங்களில் சாவை மறைக்கிறார்கள். சைரன் இல்லாமல் ஆம்புலன்ஸ் வரும், அறிவிப்பு இருக்காது, சாப்பாட்டு மேஜையில் அந்த நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்திருப்பார். என் அபிப்பிராயத்தில் இது பெரிய தவறு. எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் சாவைப் பார்க்காதவர்களா? மறைத்தால்தான் சந்தேகம் முளைக்கிறது. உங்கள் நிர்வாகத்திடம் நான்கைந்து பேராகச் சேர்ந்து கேளுங்கள்: ஒருவர் இறந்தால் அறிவிப்புப் பலகையில் படத்தோடு பெயர் வர வேண்டும், ஹாலில் ஒரு மணி நேரம் எல்லோரும் கூடி உட்கார வேண்டும். முதல் படத்திறப்பு உங்கள் வீட்டுக்காரருடையதாக இருக்கட்டும். அவரைப் பற்றிப் பேசவேண்டியவர் நீங்கள். அன்றிரவு நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள்.

இப்போது மாத்திரை. அட்டையில் அல்பிரசோலம், குளோனசெபாம் மாதிரிப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மாதக்கணக்கில் இவற்றைச் சாப்பிட்டுவிட்டு ஒரேயடியாக நிறுத்தினால் தூக்கம் முழுசாகப் போகும், நெஞ்சு படபடக்கும், சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போடும். இரவில் நீங்கள் படும் பாட்டில் ஒரு பங்கு இதனாலேயே இருக்கலாம். யார் எழுதிய மருந்து, எத்தனை நாளைக்கு என்று கேட்பது நியாயம். இந்த வயதில் தடுமாறி விழவும் குழப்பத்துக்கும் இவை காரணமாகும் என்பதால் எப்படியும் குறைக்க வேண்டியவைதான். ஆனால் அதை டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகச் செய்ய வேண்டும். குடியிருப்புக்கு வெளியே ஒரு முதியோர் நல மருத்துவரை இந்த வாரமே பாருங்கள், அட்டையைக் கையோடு எடுத்துப்போங்கள். பி12, தைராய்டு, சோடியம், சிறுநீர்ப் பரிசோதனை, காது கேட்கும் திறன் இவ்வளவும் பார்க்கச் சொல்லுங்கள். முதுமையில் சிறுநீர்த் தொற்றுகூடத் திடீர்க் குழப்பத்தைக் கொண்டுவரும். காது மந்தமானால், மற்றவர்கள் பேசுவது நம்மைப் பற்றித்தான் என்று தோன்ற ஆரம்பிக்கும்.

உங்கள் அம்மாவுக்கு வந்தது உங்களுக்கும் வருகிறதா என்று பயப்படுகிறீர்கள். நடந்ததை வரிசை மாறாமல் எழுதியிருக்கிறீர்கள், தவறு என்னிடமும் இருக்கலாமோ என்று நீங்களே கேட்கிறீர்கள். நினைவு தப்புவதால் வரும் சந்தேகத்தில் பெரும்பாலும் அந்தக் கேள்வி இருக்காது. பழகிய வழி தெரியாமல் போவது, பணக் கணக்கு புரியாமல் போவது, வைத்த பொருளைக் காணாமல் யாரோ திருடியதாகச் சொல்வது இவை இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பேப்பர் கட்டில் இப்போதைக்குக் கையெழுத்து வேண்டாம். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற படிவத்தையும் சிகிச்சை சம்மதத்தையும் தனியே பிரித்துக் கேளுங்கள், படித்துவிட்டுப் போடலாம். சொத்து சம்பந்தமான பவர் எதுவானாலும், நிர்வாகம் காட்டும் வக்கீலிடம் அல்லாமல், நீங்களே தேடிப்பிடித்த வக்கீலிடம் காட்டாமல் போடாதீர்கள். வில்லா கிரயப் பத்திரத்தில் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் கணவர் பெயர் இருந்தால் வாரிசுச் சான்று வாங்கும் வேலையைத் தொடங்குங்கள். நாளைக்கு யாருக்காவது, சொந்த மகனுக்கே ஆனாலும், எழுதிக் கொடுப்பதாக இருந்தால், என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். கவனிக்காமல் விட்டால், 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, கோட்டாட்சியர் நடத்தும் தீர்ப்பாயத்தில் அதை ரத்து செய்யக் கேட்கலாம்.

தூக்கம் வராத நேரத்தில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். எந்நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

இதை உங்கள் மகனுக்கும் அனுப்புங்கள். தம்பி, புத்தகம் படிக்காதீர்கள் என்று அம்மாவிடம் சொல்வதை விட்டுவிட்டு, அந்தப் பேப்பர்களை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லி நிர்வாகத்துக்கு நீங்களே மின்னஞ்சல் எழுதுங்கள். வெளியூரிலிருந்து ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்று தெரிந்தால் எந்த அலுவலகமும் கூடுதல் கவனத்தோடு நடந்துகொள்ளும். இரவு ஒன்பதரைக்கு அம்மா கதவில் நாற்காலியை வைக்கும்போது உங்களுக்கு முற்பகல். கொஞ்ச நாளைக்கு அந்த நேரத்தில் பத்து நிமிஷம் வீடியோ காலில் வாருங்கள். அப்பா போன இரவைப் பற்றி அவரிடம் நீங்கள் இன்னும் முழுசாகக் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கேளுங்கள்.