கோபல்ல கிராமத்தைப் பாதியில் மூடிவிடாதீர்கள்

பாளையங்கோட்டை நண்பருக்கு வணக்கம். கொலையில் விறுவிறுப்பாகத் தொடங்கிய கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' நாவல், கிழவி பழங்கதை சொல்ல ஆரம்பித்ததும் படுத்துவிட்டது, மூடிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து மூடாதீர்கள். நீரில் தன்னை அமுக்கியவனின் கால்விரலைக் கவ்விய பெண், செத்தும் பிடியை விடவில்லையே, அந்த வேகத்தை நாவல் முழுக்கத் தேடினால் ஏமாற்றம்தான். கி.ரா. சொல்ல வந்தது, தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி வந்த குடும்பங்கள் காட்டைத் திருத்தி ஊராக்கிய கதையை. அதை அந்தக் கிழவி மங்கத்தாயாரு அம்மாள் சொல்லாமல் வேறு யார் சொல்வது? அந்தப் பக்கங்களை வாய்விட்டு வாசியுங்கள். கரிசல் மண் வட்டாரத்துப் பேச்சு காதில் விழுந்தால்தான் ருசிக்கும்.

நான் இப்போது வாசிப்பது அதன் தொடர்ச்சி, 1991இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற 'கோபல்லபுரத்து மக்கள்'. விருது இதற்கு என்றாலும், என் மனம் முதல் நாவல் பக்கம்தான். அதை முடிக்காமல் இதற்குத் தாவ வேண்டாம்.