கவட்டையின் பிடி

அன்புள்ள சேர்,

மகனுக்கு 9 வயது. போன மாதம் டெங்குக் காய்ச்சல். நான்காம் நாள் இரத்தம் சோதித்ததில் டெங்கு வைரஸின் புரதமான என்.எஸ்.1 பொசிட்டிவ், ஐஜிஜியும் பொசிட்டிவ். டொக்டர் ரிப்போட்டைப் பார்த்துவிட்டு, "இது இரண்டாம் தரம் போல, கவனமாக இருக்கவேணும்" என்று உடனே வார்ட்டில் சேர்த்துவிட்டார். இப்போது பிள்ளைக்குச் சுகம். ஆனால் ஐஜிஜி என்பது பிறபொருளெதிரிதானே? அது பாதுகாப்பு என்றுதானே உயர்தர வகுப்பில் படிப்பித்தீர்கள்? இருந்தால் நல்லது என்றல்லவா நினைத்திருந்தேன்?

சு., வெள்ளவத்தை

அன்புள்ள சு.,

மகன் தேறியது சந்தோஷம். பிழை என்னுடையது. பிறபொருளெதிரி என்று கரும்பலகையில் ஒரு கவட்டைத் தடியைக் கீறி, அதன் இரண்டு கைகளும் வைரஸைப் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு, மணி அடித்ததும் அழித்துக்கொண்டு போயிருப்பேன். கீழே இருக்கும் பிடியைப் பற்றி ஒரு வசனம் சொன்னதாக நினைவில்லை. நீர் கேட்கும் கேள்விக்கு விடை அந்தப் பிடியில்தான் இருக்கிறது.

கைகள் வைரஸைப் பொத்திப் பிடித்து, கலத்துக்குள் நுழையவிடாமல் தடுக்கும். அது ஒரு வேலை. தின்பதற்கும் கொல்வதற்கும் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். தின்கலங்களின் மேற்பரப்பில் அந்தப் பிடிக்கென்றே கொளுக்கிகள் உண்டு. பிடி கொளுவியதும் தின்கலம் வைரஸை உள்ளே இழுத்துச் சமித்துவிடும். கிருமியைத் தின்ன வசதியாக்கும் பொருளொன்று இரத்தத்தின் தெளிநீரான சீரத்தில் இருப்பதைப் பார்த்து, 1903 இல் லண்டனில் அல்ம்ரோத் ரைட்டும் ஸ்டுவர்ட் டக்ளஸும் அதற்கு 'ஒப்சொனின்' என்று பெயர் வைத்தார்கள். உணவைத் தயார்செய்வது என்ற பொருளுள்ள கிரேக்க வேரிலிருந்து வந்த சொல். இன்று பிறபொருளெதிரிக்கும் அந்தப் பெயர் பொருந்தும். வெறும் பாண் தொண்டைக்குள் இறங்காது. தேங்காய்ச் சம்பல் வந்துவிட்டால் அரை றாத்தல் போன இடம் தெரியாது. சம்பலின் வேலைதான் இது.

வைரஸ் ஏற்கெனவே கலத்துக்குள் புகுந்துவிட்டாலும் பிடி உதவும். தொற்றிய கலத்தின் வெளிப்புறத்தில் வைரஸின் புரதம் தலைகாட்டும். டெங்குவில் அப்படித் தலைகாட்டுவது உம்முடைய ரிப்போட்டில் இருக்கிற அதே என்.எஸ்.1. அதன்மேல் பிறபொருளெதிரி ஒட்டினால் பிடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இயற்கைக் கொல்லிக் கலம் வந்து அதைப் பற்றிக்கொள்ளும். துளை போடும் புரதத்தையும், துளைவழியே போய் வேலையை முடிக்கும் நொதிகளையும் அந்த இடத்திலேயே கொட்டும். கலம் செத்தால் உள்ளே பெருகிக்கொண்டிருந்த வைரஸுக்கும் இடமில்லை.

சரி, அப்படியென்றால் எங்கே பிழைக்கிறது?

டெங்குவில் நான்கு வகை. ஒன்று வந்து போனால் அந்த வகைக்கு ஆயுட்காலப் பாதுகாப்பு. மற்ற மூன்றுக்கும் சில மாதங்கள் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். பிறகு இன்னொரு வகை வரும்போது பழைய பிறபொருளெதிரிகள் (நான்காம் நாளிலேயே ஐஜிஜியைக் கண்டு டொக்டர் 'இரண்டாம் தரம்' என்றது இதனால்தான்) அதையும் பிடிக்கும், ஆனால் இறுக்கமாக அல்ல. வைரஸ் சாகாமல் கையில் தொங்கிக்கொண்டிருக்க, பிடி மட்டும் வழக்கம்போலத் தின்கலத்தில் போய்க் கொளுவும். தின்கலமும் வழக்கம்போல உள்ளே இழுக்கும். டெங்கு வைரஸ் விரும்பிப் பெருகும் இடமே அந்தத் தின்கலங்கள்தான்! கள்ளனைப் பிடித்தவர் அவனைப் பொலிஸில் கொடுக்காமல் வீட்டுக்குள்ளே கூட்டிவந்து நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருத்திய மாதிரி.

கியூபாவில் 1977 இல் முதலாம் வகை பரவியது. 1981 இல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் இறந்தார்கள். கைக்குழந்தைகளின் விஷயம் இன்னும் விசித்திரம். தாயின் ஐஜிஜி வயிற்றிலேயே பிள்ளைக்கு வந்துவிடும். பிறந்த புதிதில் அது காக்கும். ஆறு மாதத்தைத் தாண்டி அது தேய்ந்து வரும்போது, முதல் தொற்றே கடுமையாகலாம். நிறைய இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பெரிய மோசமில்லை, அரைகுறையாக இருந்தால்தான் வில்லங்கம். நிக்கராகுவாவில் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2017 இல் வெளியான ஆய்வும் இதைத்தான் காட்டியது. இதற்காகப் பயப்படவேண்டாம். இரண்டாம் தரம் வருகிறவர்களிலும் பெரும்பாலானோர் உம்முடைய மகனைப் போலத் தேறிவிடுகிறார்கள்.

அதே 2017 இல்தான் நானும் கொழும்பில் ஒரு வார்ட்டில் கிடந்தேன். அந்த ஆண்டு இலங்கையில் 186,000க்கு மேற்பட்டவர்கள் டெங்கு என்று பதிவானார்கள். கட்டிலுக்கு இரண்டு பேர். நான் குடித்த தண்ணீரையும் போன சலத்தையும் தாதி மில்லிலீற்றர் கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தார். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. வீட்டுக்குப் போகலாம் என்று சேர்ட்டைப் போட்டுக்கொண்டு இருந்தேன். அன்றைக்குத்தான் டொக்டர் மூன்று தரம் வந்து பார்த்தார். எனக்குக் கோபம். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குவது காய்ச்சல் இறங்கும் அந்த நேரத்தில்தான் என்பது படிப்பித்தவனுக்கே அப்போது தெரியாது.

மாமி பப்பாசி இலைச் சாறு கொடுக்கச் சொன்னார் என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர். அதைவிட, பிள்ளை எத்தனை தரம் சலம் போகிறான் என்று பாரும். அப்புறம், அந்த ரிப்போட்டை எறிந்துவிடாதேயும். அடுத்த காய்ச்சலில், எந்த டொக்டரிடம் போனாலும், அதை முதலில் எடுத்துக் காட்டும்.