கேம் பெட்டி: கோக்குவ நம்பி இறங்கலாமா?

கேள்வி: அண்ணே, சின்ன வயசுல டெக்கன் 3 ஆடுனதோட சரி, இப்ப அனிமே ஸ்டைல் ஃபைட்டிங் கேம் ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு ஆசை. டிராகன் பால் ஃபைட்டர்ஸி, கில்டி கியர் ஸ்ட்ரைவ், கிரான்புளூ மூணுல எது எடுக்க? எனக்கு டிராகன் பால் ஹீரோ கோக்கு ரொம்பப் பிடிக்கும். லேப்டாப்தான் இருக்கு, கன்ட்ரோலர் இல்ல.
- ஒரு வாசகர்

பதில்: கோக்கு பிடிக்கும்னு சொன்னீங்க பாருங்க தம்பி, அங்கதான் எனக்கு வயித்தக் கலக்குது. ஃபைட்டர்ஸி 2018-ல வந்துச்சு, டிவில ஓடுற கார்ட்டூன் மாதிரியே இருக்கும், ஒரே பட்டனத் தட்டிக்கிட்டே இருந்தாக்கூட தானா ஒரு காம்போ, அதாவது தொடர் அடி, வந்துரும், அதனால முதல் நாள் செம ஜாலி. ரெண்டாவது நாள் ஆன்லைன் போவீங்க. அங்க 3 பேர் டீம், மூணு பேரையும் கத்துக்கணும், எதிராளி ஒரு அடி வச்சான்னா போதும், அந்தரத்துல தூக்கிட்டுப் போயி அசிஸ்ட்டுக்கு டீம்ல இருக்கிற இன்னொரு ஆளக் கூப்பிட்டு திரும்பத் தூக்கி, கீழ இறக்கவே மாட்டான். நான் நடுவுல டீ டம்ளர எடுத்து ஒரு வாய் குடிச்சிட்டு வச்சேன், அப்பவும் அடி ஓடிக்கிட்டு இருந்துச்சு. நல்ல கேம்தான், ஆனா முதல் கேமா வேணாம்.

என் ஓட்டு கிரான்புளூ ஃபேன்டசி வெர்சஸ் ரைசிங்குக்கு. 2023 டிசம்பர்ல வந்தது, ஃப்ரீ எடிஷன் இருக்கு, அதுல கிரான்ங்கிற ஹீரோவ வச்சு ஆன்லைனே ஆடலாம். காசு போடாம பிடிக்குதா இல்லையான்னு தெரிஞ்சுக்கலாம், வேற என்ன வேணும்? இதுல ஒருத்தருக்கு ஒருத்தர்தான் சண்டை, பெரும்பாலும் தரையிலயே நடக்கும், அதனால எதுல அடி வாங்கினோம்னு கண்ணுக்குத் தெரியும். பிளாக் பண்ணவே, அதாவது அடியத் தடுக்கவே, தனி பட்டன் இருக்கு. ஸ்கில் பட்டன மட்டும் அமுக்கினா கிரான் கத்தியிலேர்ந்து ஒரு அலை பறக்கும், முன்னாடி அமுக்கிக்கிட்டே அதே பட்டன்னா மேல பாஞ்சு வெட்டுவான், அவ்ளோதான் விஷயம். எவனாவது தாவித் தாவி வந்தா இந்த ரெண்டாவதத்தான் போடணும், முதல் வாரம் இது ஒண்ணு பழகினாலே பாதிப் பேரச் சமாளிச்சிரலாம்.

ஆடிப் பாத்துட்டு மெதுவா இருக்கேன்னு தோணுச்சுன்னா ஸ்ட்ரைவ் வாங்குங்க, 2021 கேம். (மூணையும் செஞ்சது ஒரே கம்பெனி, யோகோஹாமால இருக்கிற ஆர்க் சிஸ்டம் ஒர்க்ஸ்.) அதுல காத்துலயே டேஷ் அடிச்சு, சர்ருனு பாஞ்சு வருவாங்க, நாலு நல்ல அடி விழுந்தா ரவுண்டு காலி, பின்னாடி மெட்டல் பாட்டு அலறும். மேய்னு ஒரு பொண்ணு டால்பின் மேல ஏறி வந்து மோதுவா, நான் முதல் நாள் தோத்ததுல முக்காவாசி அந்த டால்பின்கிட்டதான், ஏன்னா பயந்து போயி பட்டன அமுக்கிட்டே இருந்தேன். சும்மா பின்னாடி அமுக்கிப் பிளாக் பண்ணிருந்தா போதும்.

அப்புறம், கைடு எதையாவது திறந்தா 236, 623ன்னு எழுதியிருப்பாங்க, போன் நம்பர்னு நினைச்சிராதீங்க. கீபோர்டு வலது பக்கம் நம்பர் பேட் இருக்குல்ல, அதுல 5தான் சும்மா நிக்கிறது, 2 கீழ, 3 சாய்வா, 6 முன்னாடி. 236ன்னா கீழேர்ந்து முன்னாடி உருட்டி விடுறது.

கன்ட்ரோலர் இல்லைன்னு கவலையே வேணாம். வெறும் பட்டன் மட்டுமே இருக்கிற லெவர்லெஸ்னு ஒண்ண பெரிய பிளேயருங்களே காசு குடுத்து வாங்கி ஆடுறாங்க, அதுவும் கிட்டத்தட்ட கீபோர்டுதான். ஒண்ணு மட்டும் செக் பண்ணிக்குங்க, சில லேப்டாப்புல 3, 4 கீயச் சேத்து அமுக்கினா ஒண்ணு பதியாது. நோட்பேடத் தொறந்து நீங்க வைக்கப்போற கீ எல்லாத்தையும் ஒண்ணா அமுக்கிப் பாருங்க, எழுத்து குறைஞ்சா வேற கீக்கு மாத்திக்குங்க.

நெட்டு விஷயம்: கிரான்புளூ ரைசிங், ஸ்ட்ரைவ் ரெண்டுலயும் ரோல்பேக் இருக்கு. அதாவது எதிராளி என்ன அமுக்கினான்ங்கிற தகவல் வர்ற வரைக்கும் கேம் காத்திருக்காது, தானே ஊகிச்சு ஓட்டிரும், ஊகம் தப்பாப் போனா சட்டுனு திருத்திக்கும். ஆனா வைஃபை விட்டு விட்டு வந்தா ரோல்பேக் பாவம் என்ன பண்ணும், ஆளு இங்கேர்ந்து அங்க குதிப்பான். மோடத்துலேர்ந்து ஒரு லேன் கேபிள் இழுத்துருங்க, வீட்ல திட்டினா கதவோரமா டேப் போட்டு ஒட்டிருங்க.